படகுக்கு எந்த ஆயில்? எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கேனின் பின்பக்கம் பார்த்து வாங்குவது எப்படி

கடையில் போய் நின்று "போட்டுக்கு ஒரு லிட்டர் ஆயில் குடுங்கண்ணே" என்று கேட்டால் கையில் எட்டுகிற கேன்தான் வரும். கடைக்காரர் மேல் தப்பில்லை, நாம் கேட்டது அப்படி. ஒரு சின்ன ஃபைபர் படகில்கூட குறைந்தது இரண்டு வகை ஆயில் வேலை செய்கிறது. எஞ்சினுக்கு ஒன்று, கீழே தண்ணீருக்குள் சுற்றும் கியருக்கு வேறொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. எந்த கம்பெனி நல்லது என்று கரையில் மணிக்கணக்காகச் சண்டை நடக்கும், ஆனால் கம்பெனி பெயர் இருக்கும் முன்பக்கத்தை விட, சின்ன எழுத்தில் தரக்குறியீடு இருக்கும் பின்பக்கம்தான் முக்கியம். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்த ஊர்க் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

இங்கே சொல்வது நம் கடற்கரையில் ஓடும் சின்னப் படகுகளுக்கு: அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார்) மாட்டிய ஃபைபர் படகு, வள்ளம், நீளத் தண்டின் முனையில் புரொப்பல்லர் சுற்றும் லாங்டெயில் டீசல் எஞ்சின், உள்ளே டீசல் எஞ்சினும் தனி கியர்பாக்ஸும் இருக்கும் சிறிய விசைப்படகு. பெரிய டிராலருக்கும் பாதி பொருந்தும்.

முதல் படி: உங்கள் எஞ்சின் எந்த வகை?

இது தெரியாமலா என்று சிரிக்காதீர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய அவுட்போர்டுக்கு முன்னாடி வைத்திருந்தவர் சொன்னதை மட்டும் நம்பி ஆயில் ஊற்றுகிறவர்கள் நிறைய. மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக், ஆயில் உள்ளேயே தேங்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். டிப்ஸ்டிக் இல்லை, பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும் அல்லது ஆயிலுக்குத் தனியாக ஒரு சின்ன டேங்க் இருக்கிறது என்றால் டூ-ஸ்ட்ரோக். அதில் ஆயில் ஒருமுறைதான் வேலை செய்யும், பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியே போய்விடும். ஒன்று எரிய வேண்டிய ஆயில், இன்னொன்று எரியவே கூடாத ஆயில். மாற்றி ஊற்றினால் என்ன ஆகும் என்பது இதிலேயே புரிந்திருக்கும்.

டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு: டிசி-டபிள்யூ3 இல்லாமல் வாங்காதீர்கள்

பெட்ரோல் பங்கில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் விற்கும் 2டி ஆயில் விலை குறைவு, பக்கத்திலேயே கிடைக்கும். அதை ஊற்றி ஓட்டியும் இருக்கிறார்கள், எஞ்சினும் ஓடியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. கோளாறு அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

பைக் எஞ்சின் காற்றில் குளிர்கிறது, அதனால் அதிகச் சூட்டில் ஓடும். அந்தச் சூட்டில் பிஸ்டனைச் சுத்தமாக வைக்க, அந்த ஆயிலில் உலோகம் கலந்த சுத்திகரிப்புப் பொருள்களைச் சேர்ப்பார்கள். எரிந்தால் அவை சாம்பலாக மிஞ்சும். அவுட்போர்டு அப்படி இல்லை. கடல் தண்ணீரை உறிஞ்சித் தன்னைச் சுற்றி ஓடவிட்டுக் குளிரவைத்துக்கொள்ளும், அதனால் சிலிண்டர் சூடு குறைவு. ஆனால் பாரம் அதிகம், கரையிலிருந்து மீன்பாடு இருக்கும் இடம் வரை ஒரே ஆக்சிலேட்டரில் இரண்டு மணி நேரம் ஓடும், எந்த பைக்கும் அப்படி ஓடாது. இந்த நிலையில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து, ரிங்கை அசையவிடாமல் ஒட்டவைத்துவிடும். ரிங் ஒட்டினால் கம்ப்ரெஷன் போகும், இழுவை போகும், ஒருநாள் நடுக்கடலில் மோட்டார் இறுகி நின்றுவிடும்.

டிசி-டபிள்யூ3 என்பது அமெரிக்காவின் படகுத் தொழில் உற்பத்தியாளர்கள் சங்கமான என்எம்எம்ஏ வைத்திருக்கும் தரம். அதிலுள்ள டபிள்யூ தண்ணீரில் குளிரும் எஞ்சினைக் குறிக்கிறது. இந்த ஆயிலில் சாம்பல் மிஞ்சாத சுத்திகரிப்புப் பொருள்கள்தான் இருக்கும். கேனில் ஆங்கிலத்தில் இந்தக் குறியீடு தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஜாசோ என்ற ஜப்பான் தரத்தின் எஃப்சி, எஃப்டி என்று மட்டும் இருந்தால் அது பைக் ஆயில், எவ்வளவு உயர்ந்த விலையாக இருந்தாலும் சரி, வைத்துவிடுங்கள். 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பது இதைவிட மோசம்.

அடுத்து அளவு. இப்போது ஓடும் பெரும்பாலான பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி, 25 லிட்டருக்கு அரை லிட்டர். புது எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் போல 25:1 என்று யமஹா போன்றவர்களின் கையேடு சொல்லும், அப்போது இது இரண்டு மடங்கு. உங்கள் எஞ்சின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி, என் கணக்கு இல்லை.

"கொஞ்சம் கூடவே ஊத்துவோம், எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று ஒரு நினைப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. நல்லதில்லை. கார்புரேட்டர் வழியாகப் போகும் திரவத்தின் அளவு மாறாது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் சூடாகும். அதோடு கரியும் புகையும் சேர்ந்துகொள்ளும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பால் கலந்த டீ நிறமாக இருந்தால் சரி. ஈரக் கருப்பாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெள்ளை வெளேரென்று இருந்தால் உடனே கவனியுங்கள், சூடு ஏறுகிறது.

கலக்கும் முறையில் சோம்பல் வேண்டாம். பாதிப் பெட்ரோல், பிறகு அளந்த ஆயில், மூடிக் குலுக்கு, அப்புறம் மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கு. அளக்க ஒரு மில்லி கோடு போட்ட பாட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் மூடிக் கணக்கு வேண்டாம்.

இப்போது இன்னொரு தொந்தரவு சேர்ந்திருக்கிறது. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? கேனுக்குள் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க்கின் உறிஞ்சு குழாய் இருப்பதோ அடியில். அதாவது நீங்கள் சரியான ஆயிலைச் சரியாக அளந்து ஊற்றியிருந்தாலும், எஞ்சினுக்குள் போவது ஆயிலே இல்லாத கலவை. ஆகவே இரண்டு மூன்று நாளில் தீரும் அளவுக்கு மட்டும் கலந்து வையுங்கள், கேனை நிரப்பி இறுக்கி மூடுங்கள், மழைக்காலத்தில் பாதிக் கேனைப் படகிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பழைய அவுட்போர்டுகள் பலவற்றுக்கு 10 சதவீத எத்தனால்தான் கையேட்டு வரம்பு, ரப்பர் குழாயையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் மாடலின் கலவைக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவது ஸ்டார்ட்டிங் வசதிக்காக மட்டும் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுசாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். எந்த ஆயில் ஊற்றியும் பிறகு என்ன பயன்?

ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு

இதில் தேட வேண்டியது எஃப்சி-டபிள்யூ. அதுவும் என்எம்எம்ஏ தரம்தான். கார் ஆயிலுக்கு வைக்காத துருச் சோதனை இதற்கு உண்டு, அதோடு நீண்ட நேரம் அதிக வேகத்தில் ஓடியும் ஆயில் நீர்த்துப்போகாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கெட்டித்தன்மை பெரும்பாலும் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40. இப்போதைய கார்களுக்கு வரும் 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில் மைலேஜுக்காகச் செய்தது, நாள் முழுக்கப் பாரம் இழுக்கும் மோட்டாருக்கு அல்ல. பைக்கின் 4டி ஆயிலை அவசரத்துக்கு ஊற்றியவர்கள் உண்டு, ஒரு தடவை கரை சேர அது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

அளவு பார்க்கும்போது மோட்டார் நேராக நிற்க வேண்டும், தூக்கி வைத்த நிலையில் பார்த்தால் பொய் சொல்லும். ஆயில் குறைவதைவிடக் கூடுவது பயப்பட வேண்டிய விஷயம். ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால் பெட்ரோல் இறங்குகிறது அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் முதலாவது, நிறம் வெளுத்து நுரைத்திருந்தால் இரண்டாவது.

டீசல் எஞ்சின், லாங்டெயில் உட்பட

டீசலுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) முத்திரையில் சி என்று தொடங்கும் எழுத்துகளைப் பாருங்கள்: சிஎச்-4, சிஐ-4, சிகே-4. எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. சிஎஃப்-4 என்று அச்சிட்ட கேன் இன்னும் சில கடைகளில் கிடைக்கும், அந்தத் தரம் காலாவதியாகிவிட்டது. பழைய எஞ்சினாக இருந்தாலும் சிஎச்-4 அல்லது சிஐ-4 வாங்குங்கள், புதிய தரத்தைப் பழைய எஞ்சினில் ஊற்றுவதில் தவறில்லை, தலைகீழாகச் செய்வதில்தான் தவறு.

15டபிள்யூ-40 என்பதில் முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம் கடற்கரையில் மார்கழிக் காலையில்கூட எஞ்சின் உறைந்துபோகும் குளிர் கிடையாது. ஆகவே 15டபிள்யூவா 20டபிள்யூவா என்று அதிகம் யோசிக்க வேண்டாம், கையேடு அனுமதிக்கும் வரை இரண்டும் சரி. பின்னால் இருக்கும் 40ஐ விட்டுவிடாதீர்கள். காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே குளிரவைக்கும் வேலையிலும் பாதி ஆயிலுடையது. தண்ணீர்ச் சுற்று இல்லாததால், மட்டம் அரை இஞ்ச் குறைந்தாலே சூடு ஏறும்.

ஒரு எச்சரிக்கை. டிரம்மில் "மரைன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு இதுதான் நமக்கு என்று சிலர் வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் கப்பல் எஞ்சினுக்கானது. கப்பலில் எரிப்பது கந்தகம் அதிகமுள்ள கனமான எண்ணெய். அதில் உண்டாகும் அமிலத்தை முறிக்க அந்த ஆயிலில் காரத்தன்மையை மிக அதிகமாக வைத்திருப்பார்கள். நம் பங்கு டீசலில் 2020 ஏப்ரலுக்குப் பிறகு கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். நமக்கு லாரி ஆயிலே போதும், மரைன் என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அவுட்போர்டின் கியர்: பாதிப் பேர் மறந்துபோகும் இடம்

மோட்டாரின் அடிக்காலில், புரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் அந்த முட்டை வடிவப் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. சின்ன மோட்டாருக்குக் கால் லிட்டர் போல, 40 குதிரைத்திறன் மோட்டாருக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு கொஞ்சம் ஆயில்தான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது, அதுவும் நாலா பக்கமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்திருக்கும் இடத்தில்.

யமஹா என்டியூரோ போன்ற மோட்டார்களுக்குச் சொல்வது ஹைபாய்டு கியர் ஆயில், எஸ்ஏஇ 90 (எஸ்ஏஇ என்பது கெட்டித்தன்மைக்கான குறியீடு). 80டபிள்யூ-90 என்றும் கிடைக்கும். "90ன்னா ரொம்பக் கெட்டி, அதுக்கு 40 எஞ்சின் ஆயிலையே ஊத்தலாம், லேசா சுத்தும்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கியர் ஆயிலின் எண்ணும் எஞ்சின் ஆயிலின் எண்ணும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரியில் எஞ்சின் ஆயில் 40இன் கெட்டித்தன்மை சென்டிஸ்டோக் என்ற அளவில் 12.5 முதல் 16.3 வரை, கியர் ஆயில் 90க்கு 13.5 முதல் 18.5 வரை. கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. பிறகு ஏன் மாற்றி ஊற்றக் கூடாது? பற்கள் ஒன்றோடொன்று அழுத்தும் இடத்தில் எஞ்சின் ஆயிலின் படலம் பிய்ந்துவிடும். கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து இருக்கிறது, அது அந்த அழுத்தத்தில் பல்லின் மேல் ஒரு காப்புப் படலமாகப் படிந்துகொள்ளும். கேனைத் திறந்தால் வரும் அழுகிய முட்டை மாதிரி வாசனை அதனுடையதுதான்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு தரம் இருக்கும். ஐந்தில் அந்த மருந்து அதிகம், அதனால் வெண்கலம், பித்தளைப் பாகங்கள் இருக்கும் பெட்டிகளில் அரிக்க வாய்ப்பு உண்டு. கையேட்டில் எது இருக்கிறதோ அதை எடுங்கள், ஐந்து பெரிய எண் என்பதற்காக எடுக்காதீர்கள். முடிந்தால் அவுட்போர்டு கியர் ஆயில் என்றே டியூபில் வருவதை வாங்கலாம். கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் உடனே காப்பை இழக்காதபடி அதைச் செய்திருப்பார்கள், லாரி கியர் ஆயிலுக்கு அந்தத் தாக்குப்பிடித்தல் குறைவு.

ஊற்றும் முறை இது. பெட்டியின் பக்கவாட்டில் கீழே ஒரு திருகு, மேலே ஒரு திருகு. மோட்டாரை நேராக நிறுத்தி, கீழ்த் திருகை முதலில் கழற்றி, பிறகு மேல் திருகைக் கழற்றினால் பழைய ஆயில் முழுசாக வடியும். புது ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது, உள்ளே காற்று மாட்டிக்கொண்டு பாதிதான் நிறையும். டியூபின் மூக்கைக் கீழ் ஓட்டையில் வைத்து அழுத்தி ஏற்றுங்கள், மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் எட்டிப் பார்க்கும் வரை. அப்புறம் மேல் திருகை மாட்டுங்கள், அது மூடியிருந்தால் கீழே டியூபை எடுத்தாலும் ஆயில் கொட்டாது, பிறகு கீழ்த் திருகு. இரண்டுக்கும் புது வாஷர். வாஷருக்குக் கஞ்சத்தனம் பண்ணினால் கடல் உள்ளே வரும்.

வடிந்த ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். கருத்திருந்தால் பயமில்லை. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். திருகில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது தேய்மானம், சகஜம். விரலில் குத்தும் துகள் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? எங்கள் படகில் ஒருமுறை பால் நிறமாக வந்தது. புது ஆயில் மாற்றினோம், பத்து நாளில் மறுபடி பால். ஆயில்தான் போலி என்று திட்டித் தீர்த்தோம். கடைசியில் புரொப்பல்லரைக் கழற்றினால் பின்னால் தண்டைச் சுற்றி வலை நரம்பு இறுகிக் கிடக்கிறது, ஆயில் சீலைக் கத்தி மாதிரி அறுத்திருக்கிறது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சீல் போனால் எந்த விலை ஆயிலும் அதைச் சரிசெய்யாது.

உள் எஞ்சினின் கியர்பாக்ஸ்: "கியர்" என்ற பெயரில் ஏமாற வேண்டாம்

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். கியர்பாக்ஸ், ஆகவே கியர் ஆயில் 90 என்று ஊற்றிவிடுகிறார்கள். படகு கியர்பாக்ஸ்கள் பலவற்றில் முன்னும் பின்னும் மாற்றுவது ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகள். அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். கியர் ஆயிலின் வழுக்கும் மருந்து அங்கே போனால் பிடிப்பு குறையும், எஞ்சின் கத்தும், படகு நகராது, தட்டு கருகும்.

ஆகவே பெயர்த்தகட்டைத் துடைத்து மாடலைப் படியுங்கள். யான்மார் கேஎம்2பி என்றால் எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயில். பழைய ஹர்த், இப்போதைய ஜெட்எஃப் 12எம், 15எம், 25எம் போன்ற மெக்கானிக்கல் பெட்டிகளுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கார்களுக்கான சிவப்பு ஆயில். ட்வின் டிஸ்க் பெட்டிகளுக்கும், சீனாவிலிருந்து வரும் ஹைட்ராலிக் பெட்டிகளுக்கும் பெரும்பாலும் 30 அல்லது 40 ஒற்றைக் கிரேடு எஞ்சின் ஆயில். ஒரே அளவில், ஒரே மாதிரி தோற்றத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கு முற்றிலும் வேறு ஆயில். பக்கத்துப் படகுக்காரரைக் கேட்டு ஊற்றுவது இங்கே ஆபத்து.

ஏடிஎஃப் கேட்கும் பெட்டிக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் கிளட்ச் மெதுவாகப் பிடிக்கும். எஞ்சின் ஆயில் கேட்கும் பெட்டிக்கு ஏடிஎஃப் ஊற்றினால் சூட்டில் அழுத்தம் விழும். மட்டம் பார்ப்பதும் பெட்டிக்குப் பெட்டி மாறும். சிலவற்றில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் மேலே சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் எஞ்சினை ஓட்டி நிறுத்திய கையோடு பார்க்க வேண்டும். தகடு அழிந்துபோயிருந்தால் உள்ளே இருக்கும் ஆயிலின் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், முன்னவரும் தப்பாக ஊற்றியிருக்கலாம். பெட்டியைப் போட்டோ எடுத்து விற்பனையாளரிடம் காட்டுங்கள்.

எப்போது மாற்றுவது

அவுட்போர்டு கையேடுகளில் 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம் என்று இருக்கும். நம்மவர்கள் ஆறு மாதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உல்லாசமாகப் படகு ஓட்டுபவருக்குத்தான் அது. தினமும் நாலு மணி நேரம் மோட்டார் ஓடினால் 25 நாளில் 100 மணி முடிந்துவிடும். தொழிலுக்குப் போகும் படகுக்கு மாதம் ஒருமுறை கியர் ஆயில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலும் அதேபோல். டீசலுக்கு முதல் மாற்றம் 50 மணி போல, பிறகு 150 முதல் 250 மணிக்குள், எஞ்சினைப் பொறுத்து. ஒவ்வொரு தடவையும் ஃபில்டரும் சேர்த்து.

படகைக் கரையேற்றும் காலம் வந்தால், அதாவது கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் 61 நாள் மாதிரி, ஆயிலை நிறுத்தும் முன் மாற்றுங்கள். தொழில் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் இரண்டு மாதம் பேரிங் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

கடையில்

சீல் உடையாத கேன், தேதியும் பேட்ச் எண்ணும் அழியாத லேபிள், மூடியில் பழைய கீறல் இல்லை என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கேனிலும் எதற்கானது என்று பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதுங்கள்: பெட்ரோலில் கலக்க, கீழ் கியருக்கு, டீசலுக்கு. இருட்டில் மூன்று மணிக்குக் கிளம்பும்போது கேன் நிறம் தெரியாது. வடித்த பழைய ஆயிலைப் பழைய கேன்களிலேயே மூடி வைத்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். துறைமுகத் தண்ணீரில் ஊற்றாதீர்கள், நாளைக்கு அதே தண்ணீரில்தான் வலையை அலசப் போகிறோம்.